பச்சைத் தேயிலையும் கிரீன் டீயும்: ஒரு பெயர்க் குழப்பம் உடலுக்குச் செய்வது

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரே பானத்துக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து 1950களில் குடியமர்த்தப்பட்டோரின் வழியினர் அதைச் 'சா' என்பர். இந்தி பேசுவோர் 'சாய்' என்பர். தமிழர் 'டீ' என்பர். மூன்றுமே சீனத்திலிருந்து கிளைத்த சொற்கள். 'சாய்' பாரசீகத்தின் வழி வந்தது. 'டீ'யின் மூலமான 'தே' என்னும் வடிவம் ஃபூஜியன் கடற்கரையின் மின்னான் மொழியிலிருந்து டச்சு வணிகக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. தமிழின் தேயிலைக்கும் தேநீருக்கும் முதலில் நிற்பது இந்தத் 'தே'தான். தேனுக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை.

ஆனால் 'கிரீன் டீ' என்றவுடன் மூன்று மொழியாரும் மொழிபெயர்ப்பைக் கைவிட்டு ஆங்கிலத்தையே அப்படியே வழங்குகின்றனர். (2018 டிசம்பர் 30 அன்று சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட பின்னரும் பேச்சில் ஹேவ்லாக் நீடிப்பதைப் போலவே இதுவும்.) தமிழில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நீலகிரியின் சிறு விவசாயிக்குப் 'பச்சைத் தேயிலை' என்பது பானமன்று. செடியிலிருந்து பறித்து, மூட்டையாகக் கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பும் கொழுந்து. 'பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை' என்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் எழும் கோரிக்கை அந்தக் கொழுந்தைப் பற்றியது. ஏற்கெனவே வேறு பொருளில் குடியிருக்கும் சொல்லைப் பானத்துக்கு இரவல் கேட்க முடியவில்லை.

கொழுந்து இருவகைத் தேநீருக்கும் பொது. பறித்த இலையை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டால் அதிலுள்ள நொதி கேட்டச்சின்களைத் தியாஃபிளேவின் முதலிய வேறு சேர்மங்களாக மாற்றிவிடும். அதுவே நாம் பாலூற்றிக் குடிக்கும் கருந்தேயிலை. பறித்த சிறிது நேரத்திலேயே ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்தால் கேட்டச்சின்கள் பெரும்பாலும் அப்படியே எஞ்சும். அது கிரீன் டீ. இந்தக் கேட்டச்சின்களில் தலையாயது எபிகேலோகேட்டச்சின் கேலேட். நன்மைகளாகப் பேசப்படுவனவும் அச்சங்களாகப் பேசப்படுவனவும் பெரும்பாலும் இந்த ஒரு சேர்மத்தையே சுற்றி வருகின்றன.

நன்மை உண்டா? ஜப்பானின் ஓசாக்கிப் பகுதியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ அருந்துவோரிடையே, ஒரு கோப்பைக்கும் குறைவாக அருந்துவோரைவிட மொத்த இறப்பு 16 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டிற்று. இதய, இரத்தநாள நோய் இறப்புகளில் வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. புற்றுநோய் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. விளம்பரங்கள் முதற்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. மேலும், அது உற்றுநோக்கல் ஆய்வு. தேநீர்தான் ஆயுளை நீட்டியது என்று அது நிறுவவில்லை. அந்த ஊர்க் கோப்பை 100 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கிண்ணம் என்பதும் மறக்கப்படுகிறது. உடல் எடையைப் பொறுத்தவரை, பல சோதனைகளைத் தொகுத்து 2012இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, குறிப்பிடத்தக்க பயனில்லை என்றே முடித்தது. இனிப்பிட்ட பால்தேநீரை விட்டு இனிப்பில்லாக் கிரீன் டீக்கு மாறியவர் எடை குறைந்தாரெனில், நன்றி சொல்லவேண்டியது விடுபட்ட சர்க்கரைக்கு.

இனித் தீங்குகள். அவற்றுள் மிகப் பரவலானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இரும்புச்சத்து இழப்பு. தேநீரின் பாலிஃபீனால்கள் பருப்பு, கீரை, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புடன் குடலில் பிணைந்து, அது உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கின்றன. கருந்தேநீரும் இதைச் செய்கிறது, பெரும்பாலும் இன்னும் வலுவாகவே. மீனிலும் இறைச்சியிலும் உள்ள ஹீம் இரும்பு அவ்வளவாகப் பாதிப்புறுவதில்லை. ஆகவே மீனோடு உண்ணும் தீவுவாசியைவிட, சோறும் சாம்பாரும் உண்டு கையோடு 'உடம்புக்கு நல்லது' என்று கிரீன் டீ அருந்தும் பெண்ணுக்கே இழப்பு மிகுதி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. அந்நாட்டில் 'நல்லது' என்ற சொல்லோடு 'எப்போது' என்ற சொல்லும் சேர்ந்தே வரவேண்டும். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் விட்டால் தடை பெரிதும் குறையும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது மாத்திரையை வீணாக்குவதே. வெறும் வயிறும் உகந்ததன்று. சிலருக்குக் குமட்டலும் வயிற்றெரிச்சலும் வரும். விடியற்காலைப் படகில் ஏறும் முக்குளிப்போர் இதை நினைவில் கொள்வது நலம். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் கூடாது: 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானம் எதுவாயினும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

கருவுற்றோர் கஃபீனை நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்லப்படுகின்றனர். கிரீன் டீ ஒரு கோப்பையில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் இருக்கும். காப்பியும் அதே கணக்கில் சேரும்.

இவை எல்லாம் கோப்பையைப் பற்றியவை. 'கிரீன் டீ' என்ற அதே பெயரில் மருந்துக்கடையிலும் இணையத்திலும் விற்கும் மாத்திரை வேறு பொருள். அது சாறிறக்கிச் செறிவூட்டப்பட்ட கேட்டச்சின். எடைக் குறைப்புக்கென விற்ற 'எக்சோலீஸ்' என்னும் அத்தகைய மாத்திரை, கல்லீரல் பாதிப்புகளால் 2003இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தந்த கருத்து இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறது: வழக்கமான முறையில் ஊறவைத்து அருந்தும் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் கூடுதல் சத்துப்பொருளாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எபிகேலோகேட்டச்சின் கேலேட் உட்கொண்டோரிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன. நிறையத் தேநீர் அருந்துவோர் இதே அளவை எட்டக்கூடும் என்பதுதான் இதில் வியப்பு. ஆனால் அது பகல் முழுதும் கோப்பை கோப்பையாக, உணவினூடே உட்செல்கிறது. மாத்திரையோ ஒரே விழுங்கலில், பலவேளை வெறும் வயிற்றில். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் மாத்திரைகளுக்கு 800 மில்லிகிராமுக்குக் கீழ் என்று வரம்பிட்டு, வெறும் வயிற்றில் உட்கொள்ளலாகாது, கருவுற்றோரும் பாலூட்டுவோரும் 18 வயதுக்குட்பட்டோரும் உட்கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையையும் கட்டாயமாக்கியது.

மருந்துகளோடும் மோதல் உண்டு. 2014இல் ஜப்பானில் பத்துப் பேரிடம் நடந்த சோதனையில், இரண்டு வாரம் நாள்தோறும் கிரீன் டீ அருந்தியபின் நாடோலால் என்னும் இரத்த அழுத்த மருந்து இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ 85 விழுக்காடு சரிந்தது. வார்ஃபரின் உட்கொள்வோர் மிகுதியாக அருந்தினால் அதன் செயல் குன்றலாம். போர்டெசோமிப் என்னும் இரத்தப்புற்று மருந்தின் வேலையை எபிகேலோகேட்டச்சின் கேலேட் தடுக்கிறதென்று 2009இல் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டனர்.

இங்குதான் பெயர் மீண்டும் குறுக்கிடுகிறது. மஞ்சட்காமாலையோடு வரும் நோயாளியிடம் 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று மருத்துவர் கேட்டால், 'ஒன்றுமில்லை' என்றே விடை வரும். தேநீர் என்ற பெயருடையதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்? ஹேவ்லாக் போன்ற தீவில், பெரிய மருத்துவமனைக்குக் கடல் கடந்து போர்ட் பிளேயர் செல்லவேண்டிய நிலையில், விடுபட்ட அந்த ஒரு சொல் நாட்களை விழுங்கிவிடும். மாத்திரை எடுத்துக்கொள்வோர் சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமற்ற சோர்வும் மேல்வயிற்று வலியும் தோன்றினாலோ அதை உடனே நிறுத்திவிட்டு, குப்பியையும் கையோடு எடுத்துச்சென்று மருத்துவர் மேசையில் வைப்பது நலம். பெயரைவிட அதன் ஒட்டுச்சீட்டு அவருக்கு மிகுதியாகச் சொல்லும்.