வாசலில் இரண்டு காற்று

தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அண்ணாச்சி என்னை நிறுத்தினார். ஆடி மாதம், காலை ஏழு மணி. மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி வந்த காற்று முகத்தில் அறைந்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"இப்ப நடங்க தம்பி. காத்து எங்க மாறுதுன்னு சொல்லுங்க."

ஒன்பது நிலைக் கோபுரத்தைத் தாண்டிச் சில எட்டு வைத்ததும், எதிரே நின்று தள்ளிய காற்று முதுகில் கை வைத்து உள்ளே தள்ளியது. வெளியூர் விருந்தாளிக்குத் தென்காசிக்காரர்கள் முதலில் காட்டும் அதிசயம் இதுதான். அண்ணாச்சி இதைப் பாடமாக வைத்திருந்தார். "அம்பது எட்டு நடந்திருப்பிய. அதுக்குள்ள ரெண்டு காத்து. குண்டு ஆயிரம் கஜம் போகணும்லா?"

ஓராண்டாக நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறேன். நாலு சுவருக்குள் நடக்கும் விளையாட்டு அது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். மூச்சு, விரல், பார்வை மூன்றையும் அடக்கினால் போதும். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வாங்கியபோது, சுடுதல் பக்கம் திரும்பிப் பார்த்த பலரில் நானும் ஒருவன். பழகப் பழக ஆசை நீண்டது. இங்கிலாந்தில் பிஸ்லி என்ற ஊரில் 1890 முதல் நெடுந்தொலைவுப் போட்டிகள் நடந்து வருகின்றன. அவற்றில் பெரிய பரிசுக்கான கடைசிச் சுற்றில் 900 கஜத்திலும் 1000 கஜத்திலும் படுத்தபடி சுடுகிறார்கள். துப்பாக்கியில் தொலைநோக்கி கிடையாது, சிறு துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில்கூட இந்த வகைப் போட்டி கதர்ப்பூர் மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகத்தில் நடந்தது.

நம் பக்கத்தில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் சுடுகளங்கள் உண்டு. மணிமுத்தாற்றில் சிறப்புக் காவல் படையே இருக்கிறது. ஆனால் பொதுமக்களில் ஒருவன் போய் ஆயிரம் கஜத்தில் படுத்துப் பழக இந்த வட்டாரத்தில் வழியில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம். வயலிலோ மலையடியிலோ சுட்டுப் பார்க்கலாம் என்ற நினைப்பே கூடாது, அது குற்றம். ஏர் ரைஃபிளில் தொடங்கி, சங்கத்தில் சேர்ந்து, உரிமம் பெற்று, .22 ரைஃபிளில் 50 மீட்டர், பிறகு 300 மீட்டர் என்று படி ஏறித்தான் போக வேண்டும். "அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்? காத்தைப் படிக்க லைசென்ஸ் வேண்டாம்லா" என்று என்னைக் கூப்பிட்டவர் அண்ணாச்சி. காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சுந்தரபாண்டியபுரம் பக்கம் விவசாயம்.

அவர் வயலை ஒட்டிய வண்டிப்பாதை வடக்கே நேராக ஓடுகிறது. இரு பக்கமும் சூரியகாந்தி. பூக்கள் எல்லாம் கிழக்கே பார்த்து, மேல்காற்றுக்கு முதுகு காட்டி நின்றன. நூறு கஜத்துக்கு ஒரு மூங்கில் நட்டு, நுனியில் பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தார். தூரத்தில் காற்றாலைகள். நான் அவற்றின் சுழற்சியைப் பார்த்துக் காற்றைக் கணிக்கப் போனேன்.

"காத்தாடியைப் பாக்காதிய. அது பனைமரத்துக்கும் மேல இருக்கு. ஆயிரம் கஜத்துக்கு அடிச்சாலும் குண்டு அவ்வளவு ஒசரம் ஏறாது. அது போற ஒசரத்துல என்ன அசையுதோ அதைப் பாருங்க."

பிறகு கணக்கு. கடிகாரத்தைத் தரையில் படுக்க வைத்தாற்போல் நினைத்துக்கொள்ள வேண்டும். இலக்கு 12 மணி. மேல்காற்று எனக்கு 9 மணியில் இருந்து வருகிறது, முழு மதிப்பு. 12 மணியில் இருந்து வந்தால் பக்கவாட்டில் தள்ளாது. 7.62 ரைஃபிளுக்குப் படையில் ஒரு வாய்பாடு உண்டு: தூரத்தை நூறு கஜங்களில் எடுத்து, மணிக்கு எத்தனை மைல் காற்றோ அதனால் பெருக்கி, 15-ஆல் வகு. 300 கஜம், 10 மைல் காற்று என்றால் 2 மினிட் கோணம், அதாவது சுமார் 16 சென்டிமீட்டர். ஆயிரம் கஜத்துக்கு 15-க்குப் பதில் 11. அதே காற்று குண்டை இரண்டரை மீட்டர் வரை நகர்த்திவிடும். போய்ச் சேர ஒன்றரை நொடி போல ஆகிறது, அத்தனை நேரமும் தள்ளு வாங்குகிறது. சுடுபவன் அருகில் அடிக்கும் காற்றுக்கு மதிப்பு அதிகம். தொடக்கத்தில் திரும்பிய குண்டு மீதித் தூரம் முழுக்க அந்தத் திசையிலேயே விலகிப் போகிறது.

மேகம் விலகி வெயில் வந்ததும் முக்காலியில் தொலைநோக்கியை வைத்தார். கடைசி மூங்கிலுக்குக் கொஞ்சம் முன்னால் தெளிவை நிறுத்தச் சொன்னார். கானல் தெரிந்தது. சிறு வயதில் இருந்து கானலைப் பார்த்திருக்கிறேன், அது ஓடுவதைப் பார்த்ததில்லை. ஓடைத் தண்ணீர் கூழாங்கல் மேல் வழிவது போல இடமிருந்து வலமாக ஓடியது. காற்று தணிந்தபோது சாய்ந்து எழுந்தது. ஒரு கணம் நேராக, உலை கொதிப்பது போல மேலேறியது. "கொதிக்கும்போது அடிக்காதிய. அடுத்தாப்ல எந்தப் பக்கம் சாயும்னு அதுக்கே தெரியாது." பலமான காற்றில் கானல் தட்டையாகிவிடும், அதற்குப் பின் 12 மைலா 18 மைலா என்று அது சொல்லாது. அப்போது இலையையும் கிழிசலையும்தான் நம்ப வேண்டும்.

மதியம் வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றபோது அவர் பேச விரும்பியது தன் பதக்கங்களைப் பற்றியல்ல, 'பட்' வேலையைப் பற்றி. இலக்குகளுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் ஆட்களை 'பட் பார்ட்டி' என்பார்கள். சேர்ந்த புதிதில் பல நாள் அங்கேதான் இருந்தாராம். தலைக்கு மேல் குண்டு போகும்போது சாட்டை சொடுக்கும் சத்தம். துப்பாக்கியின் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும், குண்டு ஒலியை முந்திவிடுவதால். சட்டத்தை இறக்கு, துளையைத் தேடு, புள்ளியைக் காட்டு, மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டு, மறுபடி ஏற்று. வெயிலில் நாள் முழுக்க. "ஒருத்தன் காத்துல எப்படி ஏமாந்தான்னு அந்தத் துளைதான் சொல்லும். நான் படிச்சது அந்தக் குழிக்குள்ளதான்." பதக்க மேடையில் இவர்களுக்கு இடமில்லை. ஆனால் இவர்கள் கை நின்றால் போட்டி நின்றுவிடும்.

சாப்பிட்டபின் என் பரீட்சை. காற்றின் மணியும் மைலும் நான் நோட்டில் எழுத வேண்டும். பிறகு அவர் கையடக்கக் காற்றுமானியைத் தூக்கிப் பார்ப்பார். இரண்டு மைலுக்குள் இருந்தால் சரி. இருபதில் ஆறுதான் தேறியது. ஒவ்வொரு வீச்சையும் துரத்திக்கொண்டிருந்தேன். எழுதி முடிப்பதற்குள் காற்று மாறிவிட்டது.

அண்ணாச்சி திருத்தவில்லை. பக்கத்துக் களத்தில் உளுந்து தூற்றிக்கொண்டிருந்த அம்மாவைக் காட்டினார். "நம்ம மதினியைப் பாருங்க."

வீச்சு பலமாக வந்தால் அவர் சுளகைத் தாழ்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்தக் காற்றில் தூற்றினால் பருப்பும் பறந்துவிடும். காற்று அடியோடு நின்றாலும் தூக்கவில்லை, தூசி விலகாது. இடையில் ஒரு காற்று உண்டு, அது வந்தபோது மட்டும் சுளகு மேலே போனது. நான் பார்த்தவரை அவர் கிழிசலையோ மரத்தையோ நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்னத்தோரம் முடி அசைவது போதுமாக இருந்தது.

"ஒங்களுக்கு ஏத்த ஒரு காத்தைப் பிடிச்சு வச்சுக்கோங்க. அது வரும்போது மட்டும் அடிங்க. மத்ததை விட்ருங்க" என்றார் அண்ணாச்சி. "மதினி, எப்படித் தெரியுது?" என்று கேட்டதற்கு அந்த அம்மா, "தெரியாம என்ன, தெனம் அடிக்கில்லா" என்றார்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்று வீச்சுகள் போயின. சூரியகாந்தி இலைகள் ஒரே சீராக ஆடத் தொடங்கியதும் எழுதினேன்: 9 மணி, 8 மைல். பார்த்தால் சுளகும் மேலே இருந்தது.

காற்றுமானி 9 காட்டியது.

"சரி. அடுத்தது எழுதுங்க" என்றார் அண்ணாச்சி.