மூடுவது எளிது

மீனம்பாக்கத்திலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பும் நாளில், விமானங்களுக்கு வழிசொல்லும் சென்னை ஏரியா கன்ட்ரோலில் இருப்பவருக்கு என்ன வேலை என்று கேட்டால், “விமானங்களை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது” என்பார்கள். அது பாதி வேலை, அதிலும் எளிதான பாதி. மூடிய வானத்தை எப்போது, யார் சொல்லைக் கேட்டுத் திறப்பது என்பதில்தான் எங்கள் தொழிலின் பொறுமையும் கறாரும் தெரியும்.

தடை மூன்று வகை. தில்லிக் குடியரசுத் தலைவர் மாளிகையின் மேல் இருப்பது முழுத்தடைப் பகுதி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை, எப்போதும் மூடியேதான் கிடக்கும். நிபந்தனையோடு நுழையவிடும் கட்டுப்பாட்டுப் பகுதியும், குறித்த நேரத்தில் மட்டும் ஆபத்து இருக்கக்கூடிய அபாயப் பகுதியும் அப்படியல்ல. காலையில் இருப்பது மதியம் இல்லாமல் போகலாம்.

ராக்கெட்டுக்கு வருவது மூன்றாம் வகை. சில நாள்கள் முன்னதாகவே நோட்டாம் என்ற விமானிகளுக்கான அறிவிப்பு வந்துவிடும். ஏவுதளத்தைச் சுற்றி 10 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம், அப்புறம் கழன்ற அடுக்குகள் விழக்கூடிய இடங்களில் வங்கக்கடல் மேல் சில கட்டங்கள். துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. இலங்கைக்கு மேல் போகக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே சென்று, பிறகு தெற்கே திரும்பும். சிங்கப்பூர், கோலாலம்பூர் போகும் விமானங்களுக்கும் அந்தக் கடல்தான் வழி.

நோட்டாமைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது நேரத்தை. எல்லாம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். சந்திரயான்-2 முதலில் கிளம்பவிருந்தது 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்கு. யுடிசியில் அது 14-ஆம் தேதி இரவு 9.21. தேதியே மாறிவிடுகிறது! புதிதாக வருபவர்களிடம் மனக்கணக்கு வேண்டாம், தாளில் எழுதிக் கூட்டு என்பேன்.

அடுத்தது உயரம். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் 32,000 அடி வரை வான்வெளி மூடப்பட்டிருந்தது. எம்.எச். 17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் பறந்தது 33,000 அடியில். விதிப்படி அது தடைக்கு வெளியே. ஆனாலும் ஏவுகணை தாக்கி 298 பேர் இறந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலே பத்திரம் என்று நினைக்கிற பழக்கம் எனக்கு அதோடு போயிற்று. தடையின் அளவைத் தீர்மானிப்பவருக்குக் கீழே இருக்கிற ஆபத்து முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது விளிம்பை ஒட்டி யாரையும் விடக்கூடாது.

480 நாட் வேகத்தில் போகும் விமானம் நிமிடத்துக்கு 8 கடல் மைல் தாண்டும். விளிம்பருகே வந்தபின் திருப்பலாம் என்றால் நேரம் போதாது. நடுக்கடலில் ரேடாரும் கிடையாது. அதனால் மாற்றுப்பாதையைக் கூடியவரை தரையிலேயே, விமானம் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுகிறோம். கொழும்பு, கோலாலம்பூர் கட்டுப்பாட்டாளர்களோடும் முன்கூட்டியே பேசிவைக்கிறோம்.

இனி திறப்பது. ஒருமுறை ஏவுதல் நேரம் தாண்டியதும் ஷிஃப்ட்டுக்கு வந்த இளைஞர் ஓட்டமாக வந்தார். “சார், மாடியிலிருந்து பார்த்தேன், புகை தெரிஞ்சது. இந்த சிங்கப்பூர் ஃபிளைட்டை நேரா விட்டுடலாமா?”

“கிளம்பினதைப் பார்த்தீங்க தம்பி. விழ வேண்டியது விழுந்துடுச்சான்னு யார் சொன்னா?”

பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கு இரண்டு நிமிடத்துக்குள் கழன்றுவிடும், ஆனால் கடலைத் தொட மேலும் நிமிடங்கள் ஆகும். அடுத்தவை இன்னும் தொலைவில் விழும். ஹாட்லைனில் ஏவுதளத்தார், பகுதியை விடுவிக்கிறோம் என்று நேரத்தோடு சொல்ல வேண்டும். நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லி, ‘சரி’ வாங்கி, பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் நேர்பாதை.

கிளம்பாவிட்டாலும் இதே கதைதான். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனைக்கலம் கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. காரணம் கண்டு சரிசெய்து காலை 10 மணிக்கு ஏவினார்கள். நின்றுவிட்டதே என்று அவசரப்பட்டு எவராவது வானத்தைத் திறந்திருந்தால்?

தேவையில்லாமல் மூடிவைப்பதும் குற்றமே. இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் தடையின்றிக் கிடைக்கிறது, கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் அறிவித்தார். ராணுவமும் நாங்களும் ஒரே வானத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அதனால்தான் இவ்வளவு முயற்சி. பகிர்வு பெருகப் பெருக ஒரு நாளில் மூடித் திறக்கும் தடவைகளும் கூடும். அத்தனை தடவையும் விடுவிப்புச் சொல் உரியவர் வாயிலிருந்து வந்ததா என்று கேட்க மேசையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். வந்துவிட்டால், சுற்றிப் போகிறவரை அடுத்த அழைப்பிலேயே நேரே விட்டுவிட வேண்டும்.