ஓடும் பருப்பும்

உருவத்தில் பெரியதே உயர்ந்தது என்று எண்ணுவது மனித சுபாவம். சந்தையில் பழம் பொறுக்குகிறவர்களின் கை முதலில் பெரியதன் மீதுதான் விழுகிறது. ஆனால் ஓட்டுக்குள்ளே பருப்பை ஒளித்து வைத்திருக்கும் காய்களிடம் இந்தக் கணக்குச் செல்லாது. அமெரிக்காவில் வளரும் ஹிக்கரி மரங்களைப் போல் இவ்வுண்மையைத் தெளிவாகப் போதிக்கும் விருட்சம் வேறொன்றை நான் அறியேன்.

ஹிக்கரி, அக்ரோட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வகைகளுள் மிகுந்த கியாதி பெற்றது பீக்கான். கல்லால் உடைக்க வேண்டிய கொட்டை என்பதே, அந்நாட்டுப் பூர்வ குடிகளின் பாஷையில் அச்சொல்லின் பொருள். டெக்ஸாஸில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, ஆற்றங்கரையில் தானே முளைத்து வளர்ந்த பீக்கான் மரங்களின் கீழே நானும் பேத்தியும் கொட்டை பொறுக்குவோம். பெரியவற்றையெல்லாம் அவள் தன் பங்காக ஒதுக்கிக் கொண்டாள். வீட்டில் உடைத்துப் பார்த்தால், பெரிய கொட்டை ஒன்றில் சுருங்கிய பருப்பு. சிறியது ஒன்றிலோ ஓடு கொள்ளாத பருப்பு! "இது என்ன நியாயம், தாத்தா?" என்றாள்.

நியாயம் இருக்கத்தான் இருக்கிறது. பீக்கானில் ஒரே மரத்திலேயே ஆண் பூவும் பெண் பூவும் உண்டு. ஆயினும் இரண்டும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் பக்குவமடைவதில்லை. ஆகவே வேறு மரங்களின் மகரந்தத்தைக் காற்று கொண்டு வந்து சேர்க்கிறது. தாய் மரத்தின் கொட்டையை நட்டால், பிள்ளை மரம் தாயைப் போலிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கன்றும் ஒரு புதிய பிறவி.

இத்தனை பிறவிகளுள் நல்லதைத் தேர்வது எப்படி? முதலில் கொட்டையை நிறுக்கிறார்கள். பிறகு உடைத்துப் பருப்பை மட்டும் நிறுக்கிறார்கள். மொத்த எடையில் பருப்பு எத்தனை பங்கு என்பதே முக்கியமான கேள்வி. நல்ல ரகங்களில் அது பாதிக்கு மேல் இருக்கும். அப்பால், ஓடு மெல்லியதா, பருப்பு சிதையாமல் வெளிவருகிறதா, அதன் நிறம் வெளிறியதா, காய் எப்போது முற்றுகிறது, பூஞ்சண நோயை மரம் தாங்குமா என்று பரீட்சைகள் நீளுகின்றன. ஒரு வருஷத்துப் பரீட்சையும் போதாது. மிகுதியாகக் காய்த்த வருஷத்தில் நல்ல மரமும் சொத்தைப் பருப்பைத் தரக்கூடும். பல வருஷம் அளந்தாலன்றி, பிறவிக் குணம் எது, மண்ணும் மழையும் தந்தது எது என்று பிரித்தறிய இயலாது.

இதற்கு வேண்டிய பொறுமை சாமானியமன்று. டெக்ஸாஸிலுள்ள பிரௌன்வுட் என்னும் ஊரில், அமெரிக்க விவசாய இலாகாவினர் 1963-ல் இரு ரகங்களைக் கலந்தார்கள். அதிலிருந்து தேர்ந்த மரம் 'பானி' என்ற பெயருடன் வெளியிடப்பட்டது 1984-ல். இருபத்தொரு வருஷம்! அந்த ரகம் பருமனான கொட்டையைச் சீக்கிரமே முற்றித் தருகிறது. ஆனாலும் ஈரம் மிகுந்த பிரதேசங்களில் பூஞ்சண நோய்க்கு ஆளாகிறது. எல்லாக் குணங்களும் ஒரே மரத்தில் கூடுவது அருமை. பானி என்பது அந்நாட்டுப் பூர்வ குடிகளில் ஒரு கூட்டத்தாரின் பெயர். இவ்விதம் அவர்கள் பெயரையேனும் மரங்கள் சுமக்கின்றன.

பெயர் கிட்டாத ஒருவரும் இக்கதையில் உண்டு. லூயிஸியானாவில் ஓக் ஆலி என்ற கரும்புத் தோட்டத்தில் அந்த்வான் என்னும் அடிமைத் தோட்டக்காரர் இருந்தார். அண்டைத் தோட்டத்தில் சிறந்த பீக்கான் மரம் ஒன்று நின்றது. அதன் குச்சிகளைக் கொண்டு 1846-47 குளிர்காலத்தில் அவர் பதினாறு மரங்களில் ஒட்டுக் கட்டினார். தேர்ந்த பீக்கானின் குணம் மாறாமல் பெருகுவதற்கு வழி திறந்தவர் அவரே. 1848-ல் எஜமானர் இறந்ததும் எடுத்த சொத்து ஜாபிதாவில், அவருக்கு 1,000 டாலர் என்று விலை குறித்தார்கள். 1876-ல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்த மரங்களின் கொட்டைகள் பாராட்டுப் பெற்றன. ரகத்துக்கு 'நூற்றாண்டு' என்று பெயராயிற்று; ஒட்டுக் கட்டியவர் பெயர் அதில் இல்லை.

கொட்டையை உடைத்து, நிறுத்து, பல வருஷம் காத்திருந்து மதிப்பிட வேண்டும் என்பதை மனிதன் மரத்தின் விஷயத்தில் கற்றுக் கொண்டான். அந்த்வானுக்கு விலை குறித்தவர்கள் பார்த்ததோ மேலோட்டை மட்டுமே. ஒரு மரத்துக்கு இருபது வருஷம் பொறுமை காட்டத் தெரிந்த நமக்கு, மனிதனுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுக்க முடியாதா?