சான் டியாகோவுக்கு ஒரு போத்தல் வினாகிரி

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த ஒரு மாநாட்டுக்கு நான் போய்வந்ததை அறிந்த நண்பர்கள் சிலர், அதைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். மாநாடுகளைப் பற்றி எழுதியே நாற்பது வருடங்களைக் கழித்தவன் நான். தலைமை வகித்தார், உரையாற்றினார், நன்றியுரையுடன் இனிது நிறைவெய்தியது என்று இனியும் எழுத எனக்குத் தெம்பில்லை. எனவே மாநாட்டை விட்டுவிட்டு, அதற்குப் போவதற்காக நான் செய்த ஆயத்தங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த ஆயத்தங்கள்தான் என்னைப் பல வருடங்களின் பின் நான் பிறந்த கற்பிட்டிக்கு இழுத்துச் சென்றன.

முதலில் அது என்ன மாநாடு என்று சொல்லிவிட வேண்டும். வீட்டிலே பியர் தயாரிப்பவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி நடத்திவந்த மாநாடு அது. என் தங்கையின் மகன் அங்கே பொறியியலாளன். வார இறுதியில் தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஹொப்ஸ் பூவைச் சேர்த்து, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவிக் கண்ணாடிக் குடத்தில் இரண்டு வாரம் நொதிக்கவிடுவது அவனது பொழுதுபோக்கு. "மாமா, குடத்தின் மூடியைத் திறந்தபோது அம்மம்மாவின் அப்பமா வாசம் வந்தது" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னான். ஜூனில் மாநாடு இருக்கிறது, நீங்களும் வாருங்கள், டிக்கெட் என் பொறுப்பு என்றான். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. வரும்போது எங்கள் ஊர்த் தென்னங்கள் ஒரு போத்தல் கொண்டுவர வேண்டும், தன் கூட்டாளிகளுக்கு அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவும் வேண்டும் என்றான்.

அவர்களுடைய சங்கத்தின் கதை எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பின்னர் வீட்டில் வைன் செய்வதற்கு வழி கிடைத்தது; பியருக்குக் கிடைக்கவில்லை. பியர் செய்தவர்கள் நாற்பத்தைந்து வருடங்களாகச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள்தான். 1978 ஒக்டோபர் 14ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம்தான் அதை மாற்றியது. அதன்படி வளர்ந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கலன் வரையிலும், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கலன் வரையிலும் வரியின்றிச் செய்துகொள்ளலாம், விற்கக் கூடாது. கசிப்பைப் போல வடித்தெடுப்பதற்கு அந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அதே 1978இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பபாசியன் என்ற பள்ளி ஆசிரியரும் சார்லி மாட்சன் என்பவரும் சேர்ந்து அமெரிக்க வீட்டுப் பியர் தயாரிப்பாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கடைசியாக விட்டுக்கொடுத்த மாநிலங்கள் மிசிசிப்பியும் அலபாமாவும்; அவை 2013 வரை முரண்டு பிடித்தன.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு பேச்சைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். பிறகு ஆங்கிலமாக்கிக் கொள்ளலாம் என்பது என் பழைய வழக்கம். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். அவர்கள் செய்யும் வேலைக்கு நான் எந்தச் சொல்லைப் போடுவது? "வீட்டில் காய்ச்சுதல்" என்று எழுதினால் எங்கள் காதில் விழுவது கசிப்பு. கூடவே பொலிஸ் ஜீப்பின் சத்தமும் கேட்கும். பியரை உண்மையாகவே காய்ச்சுகிறார்கள், ஆகவே சொல் பிழையில்லை. ஆனால் கள்ளை யாரும் காய்ச்சுவதில்லை. கள் இறக்கப்படுவது. பாளையைக் கட்டி, நாட்கணக்கில் பக்குவமாகத் தட்டி, காலையும் மாலையும் மெல்லச் சீவி, முட்டி கட்டிவிட்டால் மற்றதெல்லாம் மரத்தின் வேலை. தென்னம்பாளைச் சாற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பழைய முட்டியிலும் உள்ள ஈஸ்ட் அதை உடனே பிடித்துக்கொள்ளும். முட்டியைக் கீழே இறக்கும்போதே நுரை தள்ளியிருக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால்தான் மனிதன் பாடுபட வேண்டும்: முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூச வேண்டும். அமெரிக்கர்கள் இரண்டு வாரம் காத்திருக்கும் காரியம் இங்கே ஒரு பகலில் முடிந்துவிடுகிறது என்று எழுதி, அந்த வரியை நானே ரசித்துக்கொண்டேன்.

பழந்தமிழில் இந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே ஆக்கிய கள்ளைப் பற்றிய பேச்சு வருகிறது. நெல்லால் செய்த அந்தக் கள்ளுக்குத் தோப்பி என்று அழகான பெயரும் இருக்கிறது. மறுபுறம் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று 93ஆம் அதிகாரத்தையே ஒதுக்கிவிட்டார். இரண்டையும் ஒரே பேச்சில் வைத்தால் வெள்ளைக்காரர்கள் குழம்பிப் போவார்கள் என்று வள்ளுவரை வெட்டினேன். (பத்திரிகைக்காரன் புத்தி.)

போத்தல் விடயத்துக்கு வருகிறேன். கள்ளைப் போத்தலில் ஊற்றி இறுக மூடினால் அது சும்மா இருக்காது. நொதித்தபடியே இருந்து வாயுவைக் கக்கி மூடியைத் தூக்கியெறியும், அல்லது போத்தலையே உடைக்கும். விமானத்தின் வயிற்றில் என் உடுப்புகளுக்கு நடுவே அது வெடிப்பதைக் கற்பனை செய்துபார்த்தேன். பதப்படுத்தி அடைத்த கள் கடைகளில் கிடைக்கும். மருமகன் அதை வேண்டாம் என்றுவிட்டான். அப்போதுதான் வினாகிரி நினைவுக்கு வந்தது. புளிக்கப் புளிக்கவிட்ட தென்னங்கள் வாரங்கள் கழித்து வினாகிரியாகத் தெளியும். அதன் பிறகு அது எங்கும் போகலாம், எத்தனை வருடமும் இருக்கலாம். கற்பிட்டியில் இன்னும் அதை வீட்டில் செய்து விற்கும் பெண் ஒருவர் இருக்கிறார் என்று ஊரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட சகோதரி சொன்னாள். யாருடைய மகள் என்று கேட்டேன். அவள் சொன்ன பெயரைக் கேட்டபின் அன்று முழுவதும் நான் பேச்சில் ஒரு வரிகூட எழுதவில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து வந்தால் அப்பம். சனிக்கிழமை பின்னேரம் அரிசிமாவைக் கரைத்துப் புளிக்கவைக்க அம்மாவுக்கு ஒரு கோப்பை கள் வேண்டும். பின்வளவு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியாக நான் செம்பை நீட்டுவேன். மறுபக்கத்தில் நிற்கும் சீவல்காரர் முட்டியிலிருந்து ஊற்றித் தருவார். முன் கேற்றால் அவர் வந்ததை நான் ஒருபோதும் கண்டதில்லை. அவரிடம் ஒரு சிறிய வளவும் அதில் சில தென்னைகளும் இருந்தன. இரண்டு மரத்தில் மட்டும் சீவினார். அனுமதிப்பத்திரம் இல்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, சொந்த மரமானாலும் அனுமதியின்றிக் கள் இறக்குவது குற்றம். அரசாங்கத்துக்கு வரி வருவது தவறணையிலிருந்து. வேலிப் பொட்டிலிருந்து அல்ல.

1981இல் எனக்கு இருபத்தொரு வயது. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையொன்றின் கற்பிட்டி நிருபராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சம்பளம் இல்லை, அச்சாகும் அங்குலத்துக்கு இவ்வளவு என்று மாத முடிவில் கணக்குப் பார்த்து அனுப்புவார்கள். செய்திக்காக ஊரெல்லாம் அலைந்தேன். ஒருநாள் பொலிஸ் நிலையத்தில் ஒரு விபரம் தந்தார்கள். சட்டவிரோதமாகக் கள் இறக்கி விற்றவர் கைது: பெயர், வயது, ஊர், கைப்பற்றப்பட்ட முட்டிகளின் எண்ணிக்கை. நான் அதை அப்படியே எழுதித் தபாலில் போட்டேன். அவரை நான் பார்க்கப் போகவில்லை. அவரிடம் கள் வாங்கியவர்கள் யார் என்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் முதல் பெயர் என் அம்மாவுடையது.

பேச்சை எழுத முடியாமல் போன அன்றைக்கு மறுநாள், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் அந்த மாதத்துப் பத்திரிகைக் கட்டை எடுத்துப் பார்த்தேன். பெரியதொரு செய்தியாக என் நினைவில் இருந்தது. உள்ளபடி ஐந்தாம் பக்கத்தின் அடியில், ஒரு சைக்கிள் விளம்பரத்துக்கு மேலே, நான்கே வரி. "கற்பிட்டி நிருபர்" என்றுதான் போட்டிருந்தது, என் பெயர் இல்லை. அவருடைய பெயர் முழுதாக இருந்தது. அந்த நான்கு வரிக்கு எனக்குக் கிடைத்த காசில் ஒரு பிளேன்ரீ குடித்திருக்கலாம்.

செய்தி வந்த கிழமை பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் அதை வகுப்பில் உரக்க வாசித்தார் என்பதும், அவருடைய மகள் அதன்பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அபராதத்தைக் கட்டிய பிறகும் அவர் சீவினார். எங்கள் வேலிப் பொட்டுக்கு மட்டும் வருவதை நிறுத்திவிட்டார். அம்மா அதன்பின் கடையில் வாங்கிய ஈஸ்டைப் போட்டு அப்பம் சுட்டாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு எனக்குக் கொழும்பில் நிரந்தர வேலை கிடைத்தது.

ஏப்ரலில், புத்தாண்டு நெரிசல் குறைந்த பிறகு பஸ் ஏறினேன். நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் பாலாவிச் சந்தியில் திரும்பினால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் தென்னை. நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி பஸ்ஸின் கண்ணாடியை விட்டு வெகுநேரம் விலகவில்லை. தலவில்லில் புனித அன்னாள் ஆலயத்துக்கு இறங்குபவர்கள் இறங்கினார்கள். ஏத்தாளைக்கு அப்பால், காற்றில் பட்டம்போல் பாய் பிடித்துக் கடலில் சறுக்கும் வெளிநாட்டாருக்காக விடுதிகள் முளைத்திருந்தன. அவற்றின் வாசல்களில் பியர் விளம்பரம்.

நான் அந்த வீட்டைக் கேட்டு விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. அதே வளவு; தென்னைகள்தான் வேறு. வாசலில் நின்றவர் என்னைக் கண்டதும், "பேப்பர் அண்ணனா? வாங்க" என்றார். ஊரில் என்னை அப்படித்தான் அழைத்தார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தகப்பனார் காலமாகிப் பதினெட்டு வருடமாம். மகன் கட்டாரில் வேலை. தவறணையில் எடுக்கும் கள்ளை இரண்டு பெரிய சாடிகளில் துணியால் வாய்கட்டிப் புளிக்கவிடுகிறார். இப்போது ரசீதோடு வாங்குகிறேன் என்று அவராகவே சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னேன். ஆயிரக்கணக்கானவர்கள் தாங்கள் வீட்டில் செய்ததை ஒருவருக்கொருவர் ஊற்றிக் கொடுத்து ருசிபார்ப்பார்கள், நல்லதற்குப் பதக்கமும் கொடுப்பார்கள் என்றேன். அவர் சிரித்தார். "பொலிஸ் வராதா?" என்றார்.

வராது என்றேன். அதன்பிறகு, சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்து, அந்த நான்கு வரியை எழுதியவன் நான்தான் என்றேன். நாற்பத்திரண்டு வருடமாக மனதில் வைத்திருந்த வாக்கியம். குரல் சரியாக வரவில்லை.

"அது அப்பாவுக்கு அண்டைக்கே தெரியும். உங்களைத் தவிர இங்க வேற யார் பேப்பருக்கு எழுதினது?" என்றார். சற்று நேரம் சாடியின் வாயைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க எழுதினீங்க எண்டதுக்கு அவர் கோபிக்கேல்ல. உங்கட அம்மாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் எண்டுதான் சொல்லுவார். சனிக்கிழமை சனிக்கிழமை முட்டியில ஒரு கோப்பையை எடுத்து வைச்சுப்போட்டு, யாராவது வருவினம் எண்டு பாத்துக்கொண்டிருப்பார்."

பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கேட்க நினைத்தேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகப் படவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வினாகிரியை வடிகட்டி ஒரு சாராயப் போத்தலில் நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார். காசு கொடுத்தேன், விலையை எடுத்துக்கொண்டு மீதியை எண்ணித் தந்தார். முன் கேற்றுவரை வந்து, "நேரா வைச்சுக் கொண்டுபோங்க, சரிச்சா கசியும்" என்றார். கொழும்புவரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அன்றிரவே அமெரிக்கப் பேச்சின் முதற்பக்கத்தைக் கிழித்துவிட்டு, வேலிப் பொட்டிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.