கள்ளிமுளையானும் என் தொப்பையும்

எனக்கு வயது 34. இடுப்பு 38. இரண்டுக்கும் நடந்த ரேஸில் இடுப்பு நாலு இஞ்ச் லீடிங்!

ஆபீஸ் நண்பர் ஒருவர் ரகசியமாக ஒரு பாட்டிலைக் காட்டினார். "தினம் ரெண்டு போடுங்க. பசியே எடுக்காது. நான் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார், இரண்டாவது மசால் வடையைக் கடித்தபடி. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 60 மாத்திரை, 1,100 ரூபாய். வாங்கிவிட்டேன்.

லேபிளில் எறும்பு சைஸ் எழுத்தில் 'கரலுமா ஃபிம்பிரியாட்டா' என்று இருந்தது. ஏதோ இத்தாலி நாட்டுப் பாடகியின் பெயர் போலிருக்கிறதே என்று, தெரிந்த சித்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன்.

"அட, நம்ம கள்ளிமுளையான் சார்! புதுக்கோட்டைப் பக்கம் பாறை இடுக்குல தானா முளைச்சுக் கெடக்கும். ஆடு மேய்க்கிறவங்க சும்மா ஒடிச்சு மென்னுக்கிட்டே போவாங்க. நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டெதஸ்கோப் ஆடியது.

பி.காம். படித்தவனை இதைவிட மோசமாக அவமானப்படுத்த முடியாது. சரக்கின் அடக்கவிலை பூஜ்யம் என்றால் நேரில் போய் ஸ்டாக் செக் பண்ணிவிடுவோம் என்று, ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பையில் தண்ணீர், முறுக்கு, ஆதாரத்துக்கு அந்த மாத்திரை பாட்டில்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில், கீரனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நார்த்தாமலை. மலை என்று ஒருமையில் சொன்னாலும் ஒன்பது குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பொம்மாடிமலை என்று போகிற பட்டியலில் ஆளுருட்டிமலை என்றும் ஒன்று உண்டு. என்னைப் போன்ற உருண்டைகளுக்கு அது உகந்ததல்ல என்று மேலமலையில் ஏறினேன். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டுகள்தான் இந்தக் குன்றுகள் என்பது ஊர்க்கதை. மூலிகை தேடிப் போகிறவனுக்கு இதைவிட நல்ல அட்ரஸ் கிடைக்காது.

மேலமலை முழுக்க மொட்டைப் பாறை. யானை முதுகில் நடப்பதுபோல் இருக்கிறது. மேலே 9-ம் நூற்றாண்டுக் கற்றளி, விஜயாலய சோழீசுவரம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மூத்தது. ஆனால் அதைப் பார்க்கிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. எதிரே பாறையில் குடைந்த பெருமாள் குகையில் ஒரே மாதிரி பன்னிரண்டு விஷ்ணு வரிசையாக நிற்கிறார். அங்கே நின்றால் காற்று, கீழே கண்மாய், எங்கோ ஒரு மயில். ஒரு மணி நேரம் உட்கார்ந்து முறுக்கைத் தீர்த்தேன். கள்ளிமுளையானை மட்டும் காணோம்.

இறங்கும் வழியில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல்.

"என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சுப்புட்டீங்களா?"

எழுபது வயதுக்குக் குறையாத ஒரு ஆத்தா. கையில் தொரட்டி, பின்னால் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு.

"இல்ல ஆத்தா. கள்ளிமுளையான் தேடறேன்."

"வாய் கசக்குதா? சோறு எறங்கலையா?"

"அதெல்லாம் நல்லா எறங்குது ஆத்தா. கொஞ்சம் ஜாஸ்தியாவே எறங்குது."

ஆத்தாவின் பார்வையும் இறங்கியது. என் சட்டையின் நாலாவது பட்டனில் வந்து நின்றது. "அப்புறம் எதுக்கு அது? பசி எடுக்கத்தானே அதைத் துவையல் அரைச்சுத் திம்பாங்க!"

எனக்குத் தலை சுற்றியது. பாட்டில் பசியை அடக்கும் என்கிறது. ஆத்தா பசியைக் கிளப்பும் என்கிறாள். (சித்த மருத்துவரிடம் பிறகு கேட்டேன். ஆத்தா கட்சிதான். பசிமந்தம், பித்தம், வாயு, நாக்கில் ருசி இல்லாமை, இதற்கெல்லாம்தான் வைத்தியத்தில் சொல்லப்பட்டிருக்கிறதாம்.)

"வாங்க" என்று ஒரு காரைப் புதரண்டை கூட்டிப்போய் முள்ளைத் தொரட்டியால் விலக்கினாள். நான் நாலு தரம் கடந்துபோன புதர்! உள்ளே, பாறை வெடிப்பில் சேர்ந்த ஒரு பிடி மண்ணில், விரல் பருமனில் பத்துப் பதினைந்து தண்டுகள். இலை கிடையாது. நாலு பட்டை, பட்டை ஓரத்தில் சின்னச் சின்னப் பல். நுனியில் கருஞ்சிவப்பு நட்சத்திரப் பூ. அழகாயிருக்கிறதே என்று மூக்கை நீட்டினேன், உடனே இழுத்துக்கொண்டேன். அந்த வாசனை நமக்காக ஏற்பட்டதல்ல, ஈக்களுக்காக. மகரந்தம் சுமக்கிற வேலை அவற்றுடையது.

"கிள்ளிப் பாருங்க. பால் வரக்கூடாது. பால் வந்தா அது வேற கள்ளி, கண்ணுல பட்டா போச்சு."

கிள்ளினேன். தண்ணீர்தான் கசிந்தது. பால் வடிகிற எருக்கின் குடும்பத்தில் பிறந்து, குலத்தொழிலை விட்டுவிட்ட செடி. மென்றேன். லேசான புளிப்பு, கொஞ்சம் உப்பு, முடிவில் நல்ல கசப்பு.

"விடியக்காலைல பறிச்சா இன்னும் புளிக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்புப் போயிரும்" என்றாள் ஆத்தா.

கதை விடுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்தபின் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பாறையில் வாழ்கிற சதைப்பற்றுச் செடிகள் பகலில் மூச்சுத் துளையைத் திறந்தால் உள்ள தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் இரவில் திறந்து, காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துப் புளிப்பு அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, வெயிலில் அதை எடுத்துச் செலவு பண்ணும். ராத்திரி டெபாசிட், பகலில் வித்டிராயல்! பெஞ்சமின் ஹெய்ன் என்கிற வெள்ளைக்காரர் நம் நாட்டில் ரணகள்ளி இலையை வேளைக்கு வேளை மென்று பார்த்து, காலையில் புளிக்கிறது, மதியம் புளிக்கவில்லை என்று எழுதிய கடிதம் 1815-ல் லண்டனில் அச்சானது. தாவர விஞ்ஞானத்தில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆத்தா கடிதம் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தாலியப் பாடகி விஷயத்துக்கும் விடை கிடைத்தது. சோழமண்டலக் கரைச் செடிகளைப் படம் போட்டு 1795-லிருந்து புத்தகமாக்கிய ராக்ஸ்பர்க், தெலுங்கு ஜனங்கள் இதை அழைத்த பெயரைக் குறித்து வைத்தார். 'கார் அல்லம்' மாதிரி ஏதோ ஒன்று. அதுதான் கரலுமா ஆனது என்கிறார்கள். ஆக, பாடகி ஆந்திராக்காரி!

நிழலில் உட்கார்ந்தோம். முறுக்கு தீர்ந்துபோன வெட்கத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"நீங்க துவையல்தான் பண்ணுவீங்களா ஆத்தா?"

"சோறு இருந்தா துவையல். இல்லாட்டிப் பச்சையாத்தான். சின்னப்புள்ளைல மழையில்லாம ஒரு பஞ்சம். எங்காத்தா ஆளுக்கு நாலு தண்டு ஒடிச்சுக் குடுத்து ஆட்டோட வெரட்டி விட்டுரும். மென்னுக்கிட்டே திரிஞ்சா பொழுது சாயுற வரைக்கும் வவுறு கேக்காது. தாகமும் எடுக்காது."

"துவையல் தின்னா பசிக்கும்னீங்க?"

"அது மந்தமா இருக்கிற வவுத்துக்கு. எங்களுக்குத்தான் பசி இருந்துச்சே. சோறுதான இல்ல."

நான் பையை மடிக்கு இழுத்தேன். உள்ளே பாட்டில் கலகலத்தது.

"என்ன தம்பி அது?"

"மாத்திரை."

"என்ன சீக்கு?"

சர்க்கரை என்று பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "சீக்கு இல்ல ஆத்தா. பசிக்காம இருக்க. இந்தச் செடிலதான் பண்றாங்க."

ஆத்தா கேலி செய்வாள் என்று தயாராக இருந்தேன். செய்யவில்லை. பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பசிக்காம இருக்கவா காசு குடுத்தீங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடுகள் எங்கே போகின்றன என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அதான், சாக்கு கொண்டாந்து அள்ளிக்கிட்டுப் போனானுவ. யாவாரின்னானுவ. நுனியைக் கிள்ளுனா மறுபடி தழைக்கும். வேரோட புடுங்குனா? அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கும்பல் கும்பலா நின்னுச்சு." அவள் கை காட்டிய சரிவில் நானும் காலையில் தேடியிருந்தேன். ஒன்றுகூட இல்லை.

என் பாட்டிலுக்குள் இருப்பது அந்தச் சரிவா, வேறெங்கோ தோட்டத்தில் விளைந்ததா, லேபிள் சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடுகிறேன், தொப்பைவாசிகள் ஆவலாயிருப்பீர்கள். பெங்களூரில் 50 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, ஒரு கோஷ்டிக்கு இதன் சாரத்தைத் தினம் 1 கிராம் வீதம் 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. மற்ற கோஷ்டியைவிடப் பசி குறைந்தது, இடுப்புச் சுற்றளவும் குறைந்தது. எடையில் மட்டும் அடித்துச் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஆத்தாவின் ஆத்தா சொன்னது பொய்யில்லை. என் ஆபீஸ் நண்பர் சொன்னது பாதி. ஏற்கெனவே சர்க்கரைக்கோ வேறெதற்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கிளம்பும்போது ஆத்தா புதருக்கு ஒன்றிரண்டாக நுனி கிள்ளி, ஒரு கைப்பிடி சேர்த்துக் கொடுத்தாள். பணம் நீட்டினேன். "செடிக்கா?" என்றாள். சட்டைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி எண்ணெயில் நன்றாக வதக்கி, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, உப்பு வைத்து அரைத்தாள். நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தேன். கசப்பு முழுசாகப் போகவில்லை, போகாததுதான் ருசி.

"பசியை அடக்கும்னு சொன்னாங்களே?" என்றாள், மூன்றாம் முறையாகச் சாதம் வைத்தபடி.

"அது சோறு இல்லாதவங்களுக்கு" என்றேன்.

அரைக்காமல் எடுத்து வைத்த ஒரு துண்டு, மொட்டைமாடித் தொட்டியில் மணலும் சரளையும் கலந்த மண்ணில் நிற்கிறது. தண்ணீர் அதிகம் விட்டால் அழுகிவிடுமாம். போன வாரம் பக்கத்தில் சின்னதாக ஒரு முளை. பாட்டிலில் இன்னும் 52 மாத்திரை.