டேனியல் தந்தை என்றால், ரோசி யார்?

ஜே.சி. டேனியலை மலையாள சினிமாவின் தந்தை என்கிறார்கள். 1992 முதல் கேரள அரசு அவர் பெயரில் விருது கொடுக்கிறது. ஆனால் 1975-ல் அவர் இறந்தது நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில், கையில் காசில்லாமல். உயிரோடிருந்தபோது உதவித்தொகை கேட்டவருக்கு, நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பவர் என்பதுதான் பதில்.

டேனியல் நாடார் கிறிஸ்தவர். களரியிலும் வாள்வீச்சிலும் பித்து. அந்தக் கலையை ஊருக்குக் காட்ட சினிமாதான் வழி என்று நம்பினார். நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் ஸ்டூடியோ தொடங்கினார். எங்கும் புராணப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் 'விகதகுமாரன்' என்ற சமூகக் கதையை எழுதி, இயக்கி, தானே கதாநாயகனாகவும் நடித்தார்.

கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். அந்த வேடத்தில் நடித்தவர் பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். புல் அறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகம் ஆடியவர். கேபிடல் தியேட்டரில் முதல் காட்சி. புலையப் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வந்ததைச் சாதி இந்துக்களால் பொறுக்க முடியவில்லை. திரை மீது கல் பறந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். லாரி ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்தவர், லாரி ஓட்டுநரையே மணந்து ராஜம்மாளாகி, பழைய பெயரை வெளியே சொல்லாமலே வாழ்ந்து முடித்தார்.

நான் வேலை செய்யும் குடியிருப்பில் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தப் படத்தைப் போடுங்கக்கா" என்றார்கள். பிரதியே இல்லை என்றேன். பத்தாவது படிக்கும் ஒருத்தி கேட்டாள்: "ரெண்டு பேருந்தானே நஷ்டப்பட்டாங்க? அவருக்கு மட்டும் ஏன் விருது?"

சமூகவியல் வகுப்பில் இரண்டு வருஷம் பேசியதை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். டேனியல் சொத்தை இழந்தார், ஸ்டூடியோவை இழந்தார். ஆனாலும் பல் மருத்துவம் படித்து, டேனியலாகவே பிழைக்க முடிந்தது. ரோசி ரோசியாக இருந்தால் உயிர் மிஞ்சாது. சாதி இரண்டு பேரையும் அடித்தது. ஒரே அளவில் அடிக்கவில்லை.

டேனியலைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே திருவிதாங்கூரில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர் ஒரு புலையப் பெண்ணைக் கதாநாயகியாக்கினார் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் தந்தையைக் கண்டுபிடித்துக் கொண்டாடியவர்கள், முதல் நாயகியைத் தேட இன்னும் பல வருஷம் எடுத்துக்கொண்டார்கள். இன்று சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. அரசு செய்யாததை நாம் செய்கிறோம். இனி டேனியல் பெயரைச் சொல்லும் மேடைகளில் ரோசி பெயரையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தோழர்களே. சொல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.