மூடும் முன் பார்க்க வேண்டியது

கோவைக்குத் தெற்கே ஒரு புது மனைப்பிரிவு. இந்தப் பக்கம் 120 வீட்டு மனைகள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு, மோட்டார் உதிரிபாகம் செய்கிறவர்களுக்கான பட்டறைக் கொட்டகைகள். இரண்டுக்கும் மின் அமைப்பை வரைந்தவர் ஓர் இளம் பெண் பொறியாளர். “ரோடு போட்டுட்டா ஒண்ணும் தெரியாதுங்க. குழி திறந்திருக்கறப்பவே வந்துருங்க” என்று அழைத்திருந்தார்.

கணக்கு எளிதாகத்தான் தொடங்குகிறது. வீட்டுக்கு 5 கிலோவாட் என்றால் 120 வீட்டுக்கு 600. ஆனால் எல்லா வீட்டிலும் ஏசி, கீசர், தண்ணி மோட்டார் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. அவர் நூற்றுக்கு நாற்பது என்று எடுத்துக்கொண்டு 240 கிலோவாட்டுக்கு வருகிறார். மின்திறன் காரணி 0.9 என்றால் சுமார் 267 கே.வி.ஏ. 315 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றே போதும். அவர் 250-இல் இரண்டு போட்டிருக்கிறார். ஒன்று பழுதானாலும் பாதி வீடுகளில் விளக்கு எரியும். வாசலுக்கு வாசல் மின்சார வண்டி சார்ஜ் ஏறப்போகிற காலத்துக்கும் இடம் இருக்கும்.

சண்டை வந்தது டிரான்ஸ்பார்மர்களை எங்கே வைப்பது என்பதில். விற்காத மூலை ஒன்று கேட்டருகே இருக்கிறது, அங்கே வையுங்கள் என்றாராம் மனை முதலாளி. அங்கே வைத்தால் கடைசித் தெருவுக்கு மின்சாரம் போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது விதி. 240 வோல்ட்டில் அது 14 வோல்ட்தான். கரண்ட் முழுவதும் ஒரே பக்கமாக ஓடினால் இழப்பும் கூடும்: ஒரே கம்பியில் கரண்ட் இரு மடங்கானால் வெப்பமாக வீணாவது நான்கு மடங்கு. கடைசியில் நடுத்தெருவில் ஒரு மனையை விட்டுக்கொடுத்தார்கள்.

பட்டறைகளுக்குத் தனி டிரான்ஸ்பார்மர். மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக இழுப்பதைப் போல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரே இணைப்பில் இருந்தால் ஒவ்வொரு முறையும் வீடுகளில் விளக்கு மங்கும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்த பிறகு ஆலையும் பட்டறையுமாகப் பெருகிய ஊர் கோவை. வீட்டையும் தொழிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வரைந்தாக வேண்டும்.

குழிக்குப் போனோம். 22 கிலோவோல்ட் கேபிளுக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஆழம். வீட்டு இணைப்புக் கேபிளுக்கு முக்கால் மீட்டர். அடியில் மணல், மேலே மணல், அதன்மேல் செங்கல், எச்சரிக்கை நாடா, பிறகுதான் மண். மணல் இல்லையென்றால் கல் அழுத்தி உறையைக் கிழிக்கும்.

கேபிள் ஜாயின்ட் போடும் பெரியவர் உள்ளே குந்தியிருந்தார். வெள்ளைக் காப்பின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு அடுக்கை, வெங்காயத் தோல் போலச் சுற்றிச் சுற்றி உரிக்கிறார். “வேர்வைக் கை படக்கூடாதுங்ணா. கத்தி ஒரு கீறு கீறினாலும் ரெண்டு வருசம் கழிச்சு அங்கதான் வெடிக்கும்.” மேகம் கறுத்தால் வேலையை நிறுத்திவிடுவாராம். அவருக்குக் கூலி ஜாயின்ட் கணக்கில். நிறுத்தும் நேரத்துக்குக் காசு இல்லை.

அதைவிடப் பாடு எர்த் குழி. ஒரு டிரான்ஸ்பார்மருக்கு நியூட்ரலுக்கு இரண்டு, பாடிக்கு இரண்டு. இரண்டரை மீட்டர் பைப் இறங்க வேண்டிய இடத்தில் ஒன்றரை மீட்டரிலேயே பாறை. ஆழம் போகாத இடத்தில் குழிகளைக் கூட்டி, தள்ளித் தள்ளித் தோண்டி, பட்டையால் இணைக்கிறார்கள். கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது பழைய முறை. உப்பு பைப்பை அரித்துவிடுவதால் இங்கே பென்டோனைட் களிமண். எர்த்தின் எதிர்ப்பை அளப்பது மண் காய்ந்து கிடக்கும் சித்திரை வெயிலில். “மழை பேஞ்சு அளந்தா யார் வேணா பாஸ் ஆயிரலாமுங்க” என்று சிரித்தார் மேஸ்திரி.

மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று வந்த பிறகே இணைப்பு. ஆனால் அவர் வரும்போது குழிகள் மூடியிருக்கும். அதனால் பொறியாளர் மூடும் முன் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் படமெடுத்து, கேபிள் போகும் வழியை வரைபடத்தில் குறித்துவைக்கிறார்.

மனை வாங்கப் போகிற நாம் நுழைவு வளைவையும் பூங்காவையும் பார்த்துத் திரும்பிவிடுகிறோம். இனி மூன்றைக் கேளுங்கள்: டிரான்ஸ்பார்மர் எத்தனை கே.வி.ஏ., எர்த் எந்த மாதத்தில் அளந்தது, கேபிள் வரைபடம் எங்கே. மூன்றுக்கும் காகிதத்தில் பதில் தராதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.